மனச்சோர்வு மாத்திரை: மெதுவாக ஏறும், மெதுவாகத்தான் இறக்க வேண்டும்

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். கடைக்கு வருகிறவர்களில் நிறையப் பேர் தமிழர்கள். டாக்டர் சீட்டு இங்கிலீஷில் இருக்கும், டாக்டர் பேசியது கன்னடத்திலோ இங்கிலீஷிலோ இருந்திருக்கும், தர்மபுரியிலிருந்தோ வாணியம்பாடியிலிருந்தோ மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கும் அம்மாவுக்கு அதில் பாதிதான் காதில் ஏறியிருக்கும். மீதியை அக்கம்பக்கத்தில் கேட்டு நிரப்பிக்கொள்வார்கள். சர்க்கரை, பிரஷர் என்றால் பரவாயில்லை, தெருவில் பத்துப் பேராவது அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருப்பார்கள், ஓரளவு சரியாகச் சொல்லிவிடுவார்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை என்றால் வெளியே பேச மாட்டார்கள், அதனால் அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தது நாலே நாலு வாக்கியம்தான். "அது தூக்க மாத்திரை." "ஆரம்பிச்சா ஆயுசுக்கும் விடாது." "மனசு சரியில்லாத அன்னிக்கு ஒண்ணு போட்டுக்கலாம்." "நல்லாயிட்டா அன்னிக்கே நிறுத்திடணும்."

நாலும் தப்பு. முதல் இரண்டும் எங்கிருந்து வந்தன என்பதைக் கீழே சொல்கிறேன், கடைசி இரண்டுக்கும் வேர் ஒன்றே: தலைவலி மாத்திரையைப் போல இதையும் நினைப்பது. தலைவலி மாத்திரை போட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை தெரியும், வலி போனதும் விட்டுவிடலாம். இது அப்படி வேலை செய்யும் மருந்தே இல்லை. இது வாரக்கணக்கில் ஏறும், இறக்கும்போதும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், இறக்க வேண்டும். இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்ற எச்சரிக்கைகள் எல்லாம் தானாகவே புரியும் என்பது என் அனுபவம். எவ்வளவு மில்லிகிராம், எத்தனை மாதம் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் சொன்னதை ஏன் அப்படிச் சொன்னார் என்பதை மட்டும் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

எந்த மாத்திரையைப் பற்றிப் பேசுகிறோம்?

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதன் கூடவே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் சொந்தப் பெயர். எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ரலின், ஃப்ளூவாக்ஸெட்டின், பராக்ஸெட்டின் இவையெல்லாம் ஒரு குடும்பம். எஸ்எஸ்ஆர்ஐ என்பார்கள். செரட்டோனின் என்ற வேதிப்பொருளை நரம்பணு திரும்ப உறிஞ்சிக்கொள்ளாமல் தடுக்கும் மருந்து என்று அர்த்தம். இன்று டாக்டர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது இவற்றில் ஒன்றைத்தான். வென்லாஃபாக்ஸின், டூலாக்ஸெட்டின் அடுத்த குடும்பம். அமிட்ரிப்டிலின் பழைய குடும்பம். மிர்டாஸபின் போன்றவை தனி.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாத்திரை எழுதினாலே மனச்சோர்வு என்று அர்த்தமில்லை. சர்க்கரை நோயாளியின் கால் எரிச்சலுக்கு டூலாக்ஸெட்டின் கொடுப்பார்கள், ஒற்றைத் தலைவலி அடிக்கடி வராமல் இருக்கக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் கொடுப்பார்கள், ஓயாத பதற்றத்துக்கும் கை கழுவிக்கொண்டே இருக்கும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் எஸ்எஸ்ஆர்ஐ கொடுப்பார்கள். போனில் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்கப்பாவுக்குப் பைத்திய மாத்திரை கொடுத்துட்டாங்க" என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. அந்த அப்பாவுக்குக் கால் எரிச்சல் மட்டும்தான்.

மொட்டை மாடித் தொட்டிக் கணக்கு

மருந்து உடம்பில் எப்படிச் சேர்கிறது என்பதற்கு மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். காவிரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் தெருவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தொட்டியின் அடிக்குழாய் எப்போதும் கொஞ்சம் திறந்தே இருக்கிறது என்று வையுங்கள். தினமும் காலையில் அதே நாலு குடம் ஊற்றுகிறீர்கள். முதல் நாள் ஊற்றியதில் பாதி மறுநாளைக்குள் ஒழுகிவிடும், பாதி நிற்கும். மறுநாள் அதன் மேல் நாலு குடம். மட்டம் ஏறும். மட்டம் ஏற ஏற அழுத்தம் கூடி ஒழுகுவதும் வேகமாகும். ஒரு நாள் வரும், அன்றைக்கு ஊற்றுவதும் ஒழுகுவதும் சரிசமமாகிவிடும். அதற்கப்புறம் மட்டம் ஏறாது, இறங்காது. மாத்திரையும் இப்படித்தான். ஊற்றுவது நீங்கள், ஒழுகவிடுவது கல்லீரலும் சிறுநீரகமும்.

உடம்பில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். செர்ட்ரலினுக்கு அது சுமார் 26 மணி நேரம், எஸ்சிட்டலோப்ராமுக்குச் சுமார் 30 மணி நேரம். ஏறக்குறைய ஐந்து அரை ஆயுள் கழிந்தால் மட்டம் நிலைக்கும் என்பது கணக்கு, அதாவது இவை இரண்டுக்கும் ஒரு வாரம் போல. வென்லாஃபாக்ஸின் ரொம்ப வேகமாக ஒழுகும், அதன் அரை ஆயுள் வெறும் 5 மணி நேரம், உடம்பில் அது மாறி உண்டாகும் பொருளுக்கு 11 மணி நேரம். அதனால் ஒரு வேளை தவறினாலே சிலருக்குக் கிறுகிறுப்பு வந்துவிடும். ஃப்ளூவாக்ஸெட்டின் நேர் எதிர். அதுவும் அது மாறி உண்டாகும் பொருளும் சேர்ந்து வாரக்கணக்கில் உடம்பில் தங்கும். அதனால்தான் ஒரே வகை மாத்திரை சாப்பிடும் இரண்டு பேரின் அனுபவம் வேறு வேறாக இருக்கிறது. "என் நாத்தனார் ரெண்டு நாள் போடாம விட்டாங்க, ஒண்ணும் ஆகலையே" என்பவரின் நாத்தனார் எந்த மருந்து சாப்பிட்டார் என்று கேட்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

"மனசு சரியில்லாத அன்னிக்கு ஒண்ணு" என்பது ஏன் வீண் என்று இப்போது தெரிந்திருக்கும். எப்போதாவது நாலு குடம் ஊற்றினால் தொட்டி நிறையாது. பலன் கிடைக்காது, குமட்டல் மட்டும் கிடைக்கும்.

மூளைக்குள் நடப்பது

ஒரு வாரத்தில் மட்டம் நிலைத்துவிடும் என்றால் ஏன் டாக்டர் 4 வாரம், 6 வாரம் பொறுக்கச் சொல்கிறார்? இங்கேதான் உண்மையான விஷயம் இருக்கிறது.

நரம்பணுக்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை, நடுவில் நூலிழையைவிடப் பல மடங்கு சின்ன இடைவெளி உண்டு. ஒரு அணு செரட்டோனினை அந்த இடைவெளியில் விடும், அது அடுத்த அணுவில் போய்ப் பட்டுச் சேதி சொல்லும், வேலை முடிந்ததும் விட்ட அணுவே அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்கும் வாசல் ஒரு புரதம். எஸ்எஸ்ஆர்ஐ மருந்து அந்த வாசலில் போய் உட்கார்ந்துகொள்கிறது. செரட்டோனின் இடைவெளியில் கூடுதல் நேரம் நிற்கிறது. இது முதல் மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே நடந்துவிடும்.

ஆனால் மனசு அன்றைக்கே லேசாகாது. செரட்டோனின் கூடுதலாக நிற்பதைக் கண்ட நரம்பணுக்கள் தங்களைத் தாங்களே மாற்றி அமைத்துக்கொள்ளத் தொடங்குகின்றன. சேதியை வாங்கும் ஏற்பிகளின் எண்ணிக்கை மாறும், அணுக்களுக்கு இடையிலான இணைப்புகள் மாறும். இந்த மாற்றத்துக்கு நாள் பிடிக்கும். சாதாரணமாக 2 முதல் 4 வாரத்தில் கொஞ்சம் வித்தியாசம் தெரியும், முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம். முதலில் திரும்புவது பெரும்பாலும் தூக்கமும் பசியும்தான், சந்தோஷம் கடைசியில்தான் எட்டிப் பார்க்கும். வீட்டில் இருப்பவர்கள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, பல சமயம் நோயாளிக்கு முன்னால் அவர்கள் கண்ணுக்குத்தான் முன்னேற்றம் தெரியும்.

"மூளையில் செரட்டோனின் குறைஞ்சுபோச்சு, மாத்திரை அதை நிரப்புது" என்று ஒரு விளக்கம் எல்லோர் வாயிலும் இருக்கிறது. டாக்டர்களே எளிமைக்காகச் சொல்வார்கள். அது அவ்வளவு சரியில்லை. மனச்சோர்வுக்குக் காரணம் செரட்டோனின் குறைவுதான் என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடைக்கவில்லை என்று 2022 இல் வந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொன்னது. இதைக் கேட்டு "அப்ப மாத்திரையே ஏமாத்து" என்று முடிவு கட்டுவதும் தப்பு. இந்த மருந்துகள் வந்த வழியே வேறு. 1950களில் காசநோய்க்காகக் கொடுத்துப் பார்த்த இப்ரோனியாஸிட் என்ற மருந்தைச் சாப்பிட்டவர்களுக்கு உற்சாகம் பிறந்ததை மருத்துவர்கள் கவனித்தார்கள். மனச்சிதைவு நோய்க்காகப் பரிசோதித்த இமிப்ரமின் மனச்சோர்வைக் குறைப்பதை ரோலண்ட் கூன் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர் கண்டுபிடித்து 1957 இல் எழுதினார். பலன்தான் முதலில் வந்தது, விளக்கம் பிறகு வந்தது. விளக்கம் திருந்திக்கொண்டே இருக்கும். பலன் இருக்கிறதா என்பதை ஆளாளுக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும், ஒருவருக்கு முதல் மருந்தே கேட்கும், இன்னொருவருக்கு மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கும். மனநல ஆலோசனையும் கூடச் சேர்ந்தால் பலருக்கு இன்னும் நல்லது.

இதுவரை சொன்னதன் சாரம்: மருந்தின் மட்டம் நிலைக்க ஏறக்குறைய ஒரு வாரம், மூளை அதற்குத் தக மாற இன்னும் சில வாரம். தினமும் ஒரே நேரத்தில் போட்டால்தான் இது நடக்கும்.

முதல் இரண்டு வாரம்தான் கஷ்டம்

பலன் மெதுவாக வரும், பக்கவிளைவோ முதல் நாளே வந்து நிற்கும். பாதிப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள் என்று கடையில் நிற்கும் எனக்குத் தோன்றுகிறது. பத்து மாத்திரை வாங்கிப் போவார்கள், மறுபடி வரவே மாட்டார்கள்.

உடம்பில் இருக்கும் செரட்டோனினில் 90 சதவீதத்துக்கு மேல் மூளையில் இல்லை, குடலில் இருக்கிறது. அதனால்தான் மனசுக்குக் கொடுத்த மாத்திரை முதலில் வயிற்றைக் கலக்குகிறது. குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, வாய் உலர்வது, வியர்வை, ஒருவித படபடப்பு, தூக்கம் கெடுவது அல்லது பகலெல்லாம் கண் சொருகுவது இவையெல்லாம் முதல் ஒன்றிரண்டு வாரத்தில் சாதாரணம், பெரும்பாலும் தானாக அடங்கும். சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். தூக்கம் வந்தால் ராத்திரியும், தூக்கம் கெட்டால் காலையிலும் மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரைக் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். தலை கிறுகிறுக்கிற நாட்களில் சில்க் போர்டு நெரிசலில் டூவீலர் ஓட்ட வேண்டாம், மெட்ரோவில் போங்கள்.

தானாக அடங்காத ஒரு பக்கவிளைவும் உண்டு. தாம்பத்திய ஆசை குறைவது, உச்சம் தள்ளிப்போவது. ஆணுக்கும் வரும், பெண்ணுக்கும் வரும். யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், சத்தமில்லாமல் மாத்திரையை விட்டுவிடுவார்கள். இது உங்கள் குறை இல்லை, மருந்தின் குணம். சொன்னால் டாக்டர் அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ வழி இருக்கிறது. தமிழில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்.

இப்போது உடனே கவனிக்க வேண்டியவை. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு, மாத்திரை ஆரம்பித்த அல்லது அளவு மாற்றிய முதல் சில வாரங்களில், தற்கொலை எண்ணம் சிலரிடம் அதிகமாகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004 இல் சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் என்று இந்த எச்சரிக்கையை மருந்தின் விவரத்தாளில் கட்டம் கட்டிப் போட வைத்தது, 2007 இல் அதை 24 வயது வரை நீட்டியது. இதற்காக மருந்தே வேண்டாம் என்று அர்த்தமில்லை, சிகிச்சை இல்லாத மனச்சோர்வு அதைவிட ஆபத்து. எலக்ட்ரானிக் சிட்டியில் பிஜியில் தனியாகத் தங்கியிருக்கும் பிள்ளைக்கு இந்த மாத்திரை ஆரம்பித்தால், அந்த வாரங்களில் யாராவது கூட இருங்கள், தினமும் பேசுங்கள், நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இன்னொன்று: சோர்ந்து கிடந்தவர் திடீரென்று தூக்கமே இல்லாமல், நிறுத்தாமல் பேசிக்கொண்டு, கையில் காசு தங்காமல் செலவழித்துக்கொண்டு, பெரிய பெரிய திட்டம் போட்டால் அது குணமானது இல்லை. இருதுருவ நோய், அதாவது சோர்வும் அளவு மீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய், உள்ளே இருந்து வெளியே வருகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டுக்கும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்கக் கூடாது.

"பிளஸ்" போட்ட அட்டை

இந்தப் பகுதியை எழுத வேண்டும் என்றுதான் முக்கியமாக உட்கார்ந்தேன். நம் நாட்டில் எஸ்சிட்டலோப்ராமும் குளோனாஸிபாமும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகிறது. பெயருக்குப் பின்னால் "பிளஸ்" என்றோ வேறு ஓர் ஒட்டோ இருக்கும். எடிஸோலம் சேர்த்ததும் உண்டு, பழைய அமிட்ரிப்டிலினோடு குளோர்டயஸிபாக்ஸைட் சேர்த்ததும் உண்டு.

இரண்டாவதாகச் சேர்ந்திருப்பது மனச்சோர்வு மருந்து இல்லை. அது பதற்றத்தை உடனே தணிக்கும், தூக்கம் வரவைக்கும் வேறு வகை. போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலை தெரியும். முதல் சில வாரம், எஸ்சிட்டலோப்ராம் ஏறும் வரை, ஆளைத் தாங்கிப் பிடிக்க டாக்டர் அதைச் சேர்ப்பார். அதில் நியாயம் உண்டு. ஆனால் அது பழக்கமாகும் மருந்து. உடம்பு அதற்குப் பழகி அதே அளவு போதாமல் போகும், நிறுத்தினால் தூக்கம் போய்விடும், நாள்பட்டுச் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். வயதானவர்கள் ராத்திரி பாத்ரூம் போகும்போது தடுமாறி விழுவதற்கு இதுவும் ஒரு காரணம். "தூக்க மாத்திரை", "ஆயுசுக்கும் விடாது" என்ற பேச்சு வந்ததே இந்த இரண்டாவது மருந்தால்தான் என்று நான் நினைக்கிறேன், பழி மட்டும் முதல் மருந்தின் மேல் விழுந்துவிட்டது. எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரைக்கு ஏங்கி யாரும் அலைவதில்லை, போதை ஏறுவதில்லை, நாளுக்கு நாள் அதிகம் வேண்டும் என்று உடம்பு கேட்பதில்லை. நிறுத்தும்போது உடம்பு முரண்டு பிடிக்கும், அது வேறு விஷயம், கீழே சொல்கிறேன்.

போன மாதம் ஒரு பெரியவர் கவுண்டரில் மூன்று வருஷத்துக்கு முந்தைய சீட்டை விரித்தார். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து செலோடேப் ஒட்டியிருந்தது. அதில் 0-0-1 என்றும், பக்கத்தில் 3 வாரம் என்றும் தெளிவாகவே எழுதியிருந்தது. ராத்திரி ஒரு மாத்திரை, மூன்று வாரம், அவ்வளவுதான். அவர் அதை ஒவ்வொரு கடையாக நீட்டி மூன்று வருஷமாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அது "பிளஸ்" மாத்திரை. "ஐயா, இதை நீங்களா நிறுத்திடாதீங்க, ஆனா இந்த வாரமே டாக்டரைப் பாருங்க" என்று சொல்லி, ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்துவிடச் சொல்லிக் கடை முதலாளியிடம் கேட்டேன். அப்படியே விட்டாலும் ஆபத்து, சட்டென்று நிறுத்தினாலும் ஆபத்து என்ற இடத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

ஆகவே அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படியுங்கள். ஒரு மருந்தா, இரண்டா? இரண்டு என்றால், "இரண்டாவது எத்தனை வாரத்துக்கு?" என்று டாக்டரிடம் கேளுங்கள். சீட்டில் எஸ்ஓஎஸ் என்று தனியாக ஒரு மாத்திரை எழுதியிருந்தால், தேவைப்பட்டால் மட்டும் என்று அர்த்தம், அது பெரும்பாலும் இந்த வகையாகத்தான் இருக்கும். தினமும் போட வேண்டியதை எஸ்ஓஎஸ் போலவும், எஸ்ஓஎஸ்ஸைத் தினமும் போடுவதும்தான் நான் அதிகம் பார்க்கும் குழப்பம்.

கூடச் சேரக் கூடாதவை

ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களுக்கும் செரட்டோனின் வேண்டும், அவை அதைத் தாமே தயாரிக்க முடியாது, ரத்தத்திலிருந்து அதே வாசல் வழியாகத்தான் உறிஞ்சிக்கொள்ளும். மருந்து அந்த வாசலையும் அடைப்பதால் ரத்தம் உறைவது கொஞ்சம் மந்தமாகும். இது மட்டும் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. கூடவே மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் என்று நீங்களாக வாங்கிப் போட்டாலோ, இதயத்துக்கு ஆஸ்பிரின், வார்ஃபரின் சாப்பிட்டாலோ வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரி. சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் பாதுகாப்பானது.

டிரமடால் என்ற வலி மாத்திரை, சளி சிரப்பில் வரும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபான், லைனசோலிட் என்ற ஆன்டிபயாடிக், வேறொரு மனச்சோர்வு மருந்து, செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இவற்றில் எது சேர்ந்தாலும் செரட்டோனின் அளவுக்கு மீறலாம். நடுக்கம், தசை விறைத்து வெட்டி இழுப்பது, கொட்டும் வியர்வை, காய்ச்சல், குழப்பம், வயிற்றுப்போக்கு எல்லாம் சில மணி நேரத்தில் சேர்ந்து வந்தால் அது செரட்டோனின் மிகை நிலை. அரிதுதான், ஆனால் அவசர சிகிச்சை வேண்டியது. எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டரானாலும், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். மறைக்க வேண்டிய விஷயமே இல்லை.

வயதானவர்களுக்கு இன்னொன்று: ரத்தத்தில் சோடியம் குறையலாம், அதிலும் பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு. ஆரம்பித்த சில வாரத்தில் பாட்டி தள்ளாடினால், பேச்சு குழம்பினால், "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். சாதாரணப் பரிசோதனைதான், எந்த லேபிலும் எடுப்பார்கள்.

மது வேண்டாம். அது மனச்சோர்வைக் கூட்டும், "பிளஸ்" மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும்.

மறந்துபோனால், ஊருக்குப் போனால்

அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது கைப்பையில் வையுங்கள், பஸ் டிக்கியில் போடும் பெட்டியில் வேண்டாம், நாலு நாள் கூடுதலாகவே எடுத்துப்போங்கள். கேப்ஸ்யூலாக வரும் வென்லாஃபாக்ஸின், டூலாக்ஸெட்டின் ஆகியவற்றை மெல்லவோ நசுக்கவோ கூடாது, வென்லாஃபாக்ஸின் மெதுவாகக் கரையவும், டூலாக்ஸெட்டின் வயிற்று அமிலத்தில் கெடாமல் குடலில் போய்க் கரையவும்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள்.

கம்பெனி மாறினால் பெயர் மாறும், நிறம் மாறும், மருந்து அதேதான். ஒருமுறை ஒரு அக்கா இரண்டு அட்டைகளைக் கவுண்டரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டும் போடறேன் தம்பி, தலை சுத்துது" என்றார். திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் செர்ட்ரலின் 50 மி.கி. பழைய அட்டை தீராமல் இருந்திருக்கிறது, புதிய சீட்டில் வேறு பெயர். மருந்தின் சொந்தப் பெயரை மட்டும் போனில் எழுதி வைத்துக்கொண்டால் இது நேராது. ஜன் அவுஷதி கடைகளில் அந்தப் பெயரைச் சொல்லிக் குறைந்த விலையிலும் வாங்கலாம். மாசக் கடைசியில் கையில் காசில்லை என்று ஒரு வாரம் இடைவெளி விடுகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

வீட்டில் யாருக்காவது உயிரை விட்டுவிடும் எண்ணம் இருந்தால் மாத்திரைகளை அவர் கையில் மொத்தமாகக் கொடுக்காதீர்கள். இன்னொருவர் பொறுப்பில் வைத்து அன்றன்றைக்கு எடுத்துக் கொடுங்கள், ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள். பழைய வகை மாத்திரைகள் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும்.

நிறுத்துவது

"நல்லாயிட்டேன், எதுக்கு இன்னும்?" என்பதுதான் கவுண்டரில் நான் கேட்கும் கேள்விகளில் முதலிடம். முதல் முறை மனச்சோர்வு வந்தவர்கள் நன்றாகத் தேறிய பிறகும் சாதாரணமாக 6 முதல் 9 மாதம் தொடர வேண்டும் என்பார்கள். அதற்கு முன் விட்டால் திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். பலமுறை வந்தவர்களுக்கு இன்னும் நீளும். ஆயுசுக்கும் என்பது எல்லோருக்கும் இல்லை.

நிறுத்தும்போது மூளை மறுபடியும் தன்னை மாற்றி அமைக்க வேண்டும், அதற்கு நேரம் கொடுக்காவிட்டால் முரண்டு பிடிக்கும். இரண்டு, நாலு நாளில் தலை கிறுகிறுப்பு, குமட்டல், எரிச்சல், கெட்ட கனவு, தலைக்குள் சின்ன ஷாக் அடித்தது போன்ற ஓர் உணர்வு வரும். இதைப் பார்த்து "நோய் திரும்பிடுச்சு" என்றோ "மாத்திரைக்கு அடிமையாயிட்டேன்" என்றோ பயப்படுவார்கள். வித்தியாசம் தெரிந்துகொள்ளலாம்: நிறுத்திய சில நாளில் கிறுகிறுப்பும் ஷாக்கும் வந்து, மறுபடி மாத்திரை போட்டதும் ஒன்றிரண்டு நாளில் அடங்கினால் அது நிறுத்தியதன் விளைவு. பல வாரம், மாதம் கழித்துப் பழைய சோர்வும் நம்பிக்கையின்மையும் மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தால் அது நோய் திரும்புவது.

மெதுவாகக் குறைப்பது என்றால் நேர்க்கோட்டில் குறைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். 20, 10, பிறகு பூஜ்யம். மூளைக்குள் கணக்கு அப்படி இல்லை. எஸ்எஸ்ஆர்ஐ குடும்பத்துச் சிட்டலோப்ராம் சாப்பிட்டவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்ததில், 20 மி.கி. சாப்பிட்டால் அந்த உறிஞ்சும் வாசல்களில் சுமார் 80 சதவீதம் அடைபடுகிறது. ஏறக்குறைய பாதியாக, 9 மி.கி.க்கு இறக்கினாலும் 70 சதவீதம் அடைந்தே இருக்கிறது. 5 மி.கி.யில்கூடச் சுமார் 60. பாருங்கள், 20 லிருந்து 5 க்கு வந்தது சின்ன இறக்கம், 5 லிருந்து பூஜ்யத்துக்குப் போவதுதான் மாடியிலிருந்து குதிப்பது. "பாதியாக்கினப்ப ஒண்ணுமே தெரியல, முழுசா நிறுத்தினதும் தாங்கல" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை, கற்பனையும் செய்யவில்லை. நாள்பட்டுச் சாப்பிட்டவர்களுக்குக் கடைசிப் படிகளை இன்னும் சின்னச் சின்னதாக வைக்க வேண்டும் என்று 2019 இல் லண்டன் ஆய்வாளர்கள் இருவர் இந்தக் கணக்கை வைத்தே எழுதினார்கள். அதனால் டாக்டரிடம் "எப்ப நிறுத்தலாம்?" என்று மட்டும் கேட்காமல், "கடைசி 5 மில்லிகிராமை எப்படி இறக்கறது?" என்றும் கேளுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது குறைப்பது ஆகாது, தொட்டி மட்டம் தினமும் ஏறி இறங்கும், அவ்வளவுதான்.

கர்ப்பம் உறுதியானதும் பயந்துபோய் அன்றைக்கே நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் திடீர் நிறுத்தம்தான். திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லிவிடுவது சிறந்தது, சொல்லவில்லை என்றாலும் பரவாயில்லை, மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே அந்த வாரமே போய்ப் பாருங்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் எது நல்லது என்று அவர் பார்த்துத் தொடர்வார், மாற்றுவார் அல்லது மெல்லக் குறைப்பார். பால் கொடுக்கும்போதும் சாப்பிடக்கூடிய மருந்துகள் உண்டு.

தமிழில் கேட்க

ஓசூர் ரோட்டில் இருக்கும் மனநல, நரம்பியல் ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸுக்குக் கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். அங்கே போனாலும் வேறெங்கு போனாலும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும், சர்க்கரை, பிரஷர், ஆயுர்வேதம் உட்பட, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். காலி அட்டையானாலும் சரி, பெயர் தெரிந்தால் போதும். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப் போங்கள், ஆனால் நோயாளி டாக்டரிடம் தனியாகப் பேச ஐந்து நிமிஷம் விட்டு வெளியே வந்து உட்காருங்கள்.

மத்திய அரசின் டெலி மானஸ் என்ற இலவச மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, நாள் முழுக்க எந்நேரமும் எடுப்பார்கள். பெங்களூரிலிருந்து கூப்பிட்டாலும் தமிழில் பேச வேண்டும் என்று கேட்கலாம்.